சீனி போடாத ஐஸ்

குருநகர் மரியநாயகி பழத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியது புருசனின் கால் பெருவிரலுக்காக.

இன்னாசித்தம்பிக்கு நீரிழிவு வந்து பத்து வருடம். தை மாதம் வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது திருக்கை முள் பெருவிரலில் ஏறியது. புண் ஆறவில்லை. இரத்தத்தில் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார். கிழிந்த வலை பொத்துகிறவனுக்குப் பெருவிரல் மூன்றாவது கை. வலையை அதில் மாட்டி இழுத்துப் பிடித்தால்தான் ஊசி ஓடும்.

ஆனால் மனுசனுக்கு வாயைக் கட்ட வராது. நல்லூர்ப் பக்கம் போனால் ஐஸ்கிரீம் குடிக்காமல் திரும்பியதில்லை. அப்படிப்பட்டவர் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, தவக்காலம் முழுக்கச் சீனி தொடமாட்டேன் என்று ஒறுத்தல் எடுத்தார். எடுத்தால் எடுத்ததுதான், வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். மரியநாயகிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கைபேசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். குளிர்பெட்டியின் மேல்தட்டிலிருந்த பாரை மீனை எல்லாம் வெளியேற்றி, மீன் வாடை போகத் தேசிக்காய் போட்டுத் தட்டை இரண்டு தரம் கழுவினாள். கப்பல் வாழைப்பழத்தைத் துண்டு துண்டாக வெட்டி உறையவைத்தாள். ஊறவைத்த பேரீச்சம்பழம், கொடிமுந்திரிகைப்பழம், கொஞ்சம் தயிர் சேர்த்து அரைத்தாள். மறுபடி உறையவிட்டால் கடை ஐஸ்கிரீம் தோற்றுப்போகும்.

இன்னாசித்தம்பி முதலில் நம்பவில்லை. ஒறுத்தல் முறியுமோ என்று இரண்டு தரம் கேட்டார். சீனி டின்னைத் திறந்துகூடப் பார்த்தார். அரைக்கரண்டியும் குறைந்திருக்கவில்லை. பிறகென்ன, காலையில் ஒரு கிண்ணம், மத்தியானம் ஒன்று, செபமாலை முடிய ஒன்று. நாற்பது நாளும் மரியநாயகி தன் கெட்டித்தனத்தைக் கோயில் வாசலில் சொல்லாத ஆள் இல்லை.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து கிளினிக் போனார்கள். சீனி இறங்கவில்லை, முன்னையைவிட ஏறியிருந்தது. புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று டொக்டர் கேட்டார்.

இன்னாசித்தம்பி மனைவியைப் பார்க்காமலே சொன்னார்: "கடையிலை களவாய்க் கேக் வாங்கித் திண்டனான். இவவுக்குத் தெரியாது."

மரியநாயகி திடுக்கிட்டுப் போனாள். ஒறுத்தலை முறிக்காத மனுசன், முறித்தேன் என்று ஊரார் நிறைந்த வரிசைக்கு முன்னால் சொல்கிறார். அந்தப் பொய் எதற்கென்று அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய கெட்டித்தனத்தைக் காப்பாற்ற. பேசாமல் இருந்தால் பேர் மிஞ்சும்.

"பொய் டொக்டர்," என்றாள். "இவர் கேக் தொடேல்லை. நான்தான் பழத்திலை ஐஸ் செய்து குடுத்தனான். பேரீச்சம்பழம் போட்டு. மூண்டு நேரமும்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு விசாரித்தார். பேரீச்சம்பழத்தில் இருப்பதும் சீனிதான் என்றார். பழமும் அளவோடுதான், இனிமேல் கொய்யாவும் தயிரும் மட்டும், ஒரு சின்னக் கிண்ணம், நாளுக்கு ஒரு தரம். மருந்தை மாற்றி எழுதினார். விரலுக்கு இன்னும் ஒரு மாதத் தவணை கொடுத்தார்.

ஓட்டோவில் வரும்போது மரியநாயகி அழுதாள்.

"நாப்பது நாளும் எனக்கெண்டு செய்தனி," என்றார் அவர். "உன்னைக் காட்டிக் குடுக்க மனம் வரேல்லை."

"உங்கடை காலைக் குடுத்து என்ரை பேரைக் காப்பாத்த வேண்டாம்."

அடுத்த ஞாயிறு பூசை முடிய, தன்னிடம் செய்முறை கேட்ட பெண்களை எல்லாம் மறித்து, பேரீச்சம்பழம் போடாதேயுங்கோ என்று சொன்னாள். வெட்கமாகத்தான் இருந்தது. சொன்னாள்.

கொய்யா ஐஸில் சுவை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னாசித்தம்பி குறைசொல்லிச் சொல்லியே கிண்ணத்தை வழித்தார். ஒரு மாதத் தவணை இரண்டானது, மூன்றானது, நாலானது. கறுப்பு மெல்ல விலகியது. ஆவணிக் கிளினிக்கில் டொக்டர் புண்ணை அமுக்கிப் பார்த்து, காய்ந்துவிட்டது என்றார். பிறகு வழக்கம்போல, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

இந்த முறை இன்னாசித்தம்பி ஒன்றையும் மறைக்கவில்லை. யாகப்பர் கோயில் திருவிழாவில் மனைவிக்குத் தெரியாமல் தின்ற தொதல் இனிப்பு இரண்டு துண்டையும் சேர்த்தே சொன்னார். மரியநாயகி அவரை அங்கேயே வைத்துத் திட்டினாள், கண் நிறையக் கண்ணீரோடு.