பூச்சி தின்னும் செடியும் என் காசி விரதமும்

காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். ராமேஸ்வரத்து மணலைக் கங்கையில் சேர்த்த கையோடு என் மனைவி பாகற்காயை விட்டாள். அவளுக்கு அது எப்போதுமே பிடிக்காது. நானோ மனம் உருகிப்போய், இனி என் கையால் எந்த உயிரையும் கொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். படித்துறையில் அன்று நல்ல காற்று. கொசு நினைவுக்கு வரவில்லை.

எங்கள் ஊர் வாலிநோக்கத்தில் வந்திறங்கிய சாயங்காலமே நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டில் இருந்தால் கை போய்விடும் என்று கொசு அடிக்கிற கரண்ட் பேட்டை என் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். கொசுவர்த்தியும் கூடாதென்றேன். வேப்பிலைப் புகை போட்டதில் நாங்கள்தான் இருமினோம். மனைவிக்குக் கடித்த இடமெல்லாம் தடித்துவிடும். அவள் சொறிவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

அப்போதுதான் பூச்சி தின்னும் செடிகளைப் போனில் பார்த்தேன். கொல்வது செடி, அதுவும் பசிக்கு. எனக்கு அதில் பாவம் ஏது? மனைவியிடம் சொன்னேன்.

"மீனு மட்டும் தானாச் செத்து உங்க தட்டுல வந்து விழுகுதாக்கும்" என்றாள். வெள்ளியும் அமாவாசையும் தவிர நான் மீன் சாப்பிடுகிறவன். செடி வாங்க ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

நர்சரிக்காரர் பொறுமையானவர். வாயை மூடிப் பூச்சி பிடிக்கிற செடிக்கு வருசத்தில் சில மாசம் குளிர் வேண்டுமாம். நம் ஊரில் தாங்காது. குடுவை தொங்குகிற செடிக்கு ஈரக்காற்று வேண்டும். கோடைக் காற்றில் குடுவை கருகிவிடும். கடைசியில் உள்ளங்கையளவு ஒன்றைக் காட்டினார். இலையெல்லாம் சிவப்பு முடி, முடி நுனியில் பனித்துளி போலப் பசை. "இது வெயிலுக்குப் பயப்படாதுண்ணே. தட்டுல தண்ணி நின்டுக்கிட்டே இருக்கணும். உப்புத்தண்ணி மட்டும் ஆகாது" என்றார்.

எங்கள் குழாயில் வருவது உப்புத்தண்ணீர்தான். மாடியில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை ஊற்றினேன். சாமிக்குக்கூட அதை நான் எடுத்ததில்லை. ஒரு வாரத்தில் செடி நாலு பொடிப் பூச்சிகளைப் பிடித்திருந்தது. அவற்றில் கொசு ஒன்றுகூட இல்லை. வீட்டிலோ கொசு கூடிக்கொண்டே வந்தது.

ஒரு காலையில் குனிந்து பார்த்தேன். செடி நின்ற தட்டுத் தண்ணீரில் நூற்றுக்கணக்கில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. நான்தான் தினமும் ஊற்றி வளர்த்திருக்கிறேன். கொட்டினால் என் வாக்குப் போச்சு. விட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. தட்டைத் தூக்கியபடி முற்றத்தில் நின்றேன்.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "இங்கிட்டுக் குடுங்க. நான் விட்டது பாகக்காதான்."

சுடுமணலில் கொட்டி, தட்டைக் கழுவி என்னிடம் தந்தாள். புதுத் தண்ணீர் நான் ஊற்றினேன். அன்றுமுதல் நாலு நாளைக்கு ஒருமுறை அப்படியே நடக்கிறது. என் விரதம் பங்கமில்லை. விளக்கேற்றிக் கும்பிடும்போது எனக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.