மேசை உயரமும் மச்சாள் உயரமும்

சென்ற மாதம் எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் முகத்துக்கு முகம் பார்க்கவில்லை. காணிப் பிரச்சினையா என்று கேட்காதீர்கள். மேசைப் பிரச்சினை.

நானும் மச்சாள் பவானியும் – என் கணவரின் ஒரே தங்கை – மோர்னிங்சைட் பக்கம் ஒரு யூனிற் வாடகைக்கு எடுத்துத் தையல் பட்டறை தொடங்கியிருக்கிறோம். பிளவுஸ் துணியோடு ஓடி வந்துவிடாதீர்கள். நாங்கள் தைப்பது கன்வஸ். படகுக்கு உறை, கடை வாசலுக்குப் பந்தல்... இப்படி முரட்டுச் சாமான்கள். இரண்டு பேரும் இதே வேலை நடக்கும் தொழிற்சாலை ஒன்றில் பல காலம் தைத்தவர்கள். அதை மூடிவிட்டார்கள். இந்த வயதில் யாரிடம் போய் ரெஸ்யூமேயை நீட்டுவது? நாங்களே முதலாளி ஆகிவிட்டோம்.

முதலாளி ஆன பிறகுதான் தெரிந்தது, எங்களிடம் ஒரு மேசைகூட இல்லை.

படகு உறை நீளமானது, பாரமானது. தைக்கும்போது துணி மேசையிலிருந்து கீழே தொங்கினால் போச்சு – அந்தப் பாரமே தையலை இழுத்துக் கோணலாக்கிவிடும். அதனால் ஒரே நீள மேசை, ஒரே மட்டம். ஒரு முனையில் நான் நின்று வெட்டவேண்டும். மறுமுனையில், பலகைக்குள் இறக்கி வைத்த மெஷினில் மச்சாள் இருந்து தைக்கவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நான் நெட்டை. கலியாணப் படத்தில் மாப்பிள்ளையைவிட உயரமாகத் தெரிந்துவிடுவேன் என்று என்னைக் கதிரையில் இருத்தித்தான் படம் எடுத்தார்கள். மச்சாளோ... எப்படி மரியாதையாகச் சொல்வது... பஸ்ஸில் மேல் கம்பியை ஒருநாளும் பிடித்தவர் அல்ல.

மேசை செய்யும் பொறுப்பை என் கணவர் ஏற்றார்; பெயர் குலம். யூரியூப் பார்த்தே தச்சரானவர். அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"எனக்கு இடுப்பு மட்டத்துக்கு வேணும். குனிஞ்சு வெட்ட ஏலாது," என்றேன்.

"ஐயோ அண்ணை, அவ்வளவு உயர்த்தினா எனக்கு மெஷின் நாடிக்கு வந்திடும்!" என்றார் மச்சாள்.

ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் தங்கை. புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? எனக்குத் தெரியாது. என் கணவர் இரண்டு உயரத்தையும் கூட்டி இரண்டால் பிரித்தார். நடுவில் ஒரு மேசை பிறந்தது. வழவழப்பான பிளைவுட். பார்க்க என்ன அழகு!

கொஞ்ச நாளிலேயே என் முதுகு போய்விட்டது. மச்சாளின் தோள் காதுவரை ஏறி நின்றது. நடுநிலைமை என்றால் வேறென்ன – இரண்டு பக்கத்துக்கும் சமமாக வலிக்கும்.

உடம்பு நோகும்போது வாய் சும்மா இருக்குமா?

"கலியாணம் கட்டின நாளில இருந்து அண்ணை உங்கட பக்கம்தான். மேசையிலயும் அதைக் காட்டிப்போட்டார்," என்று அவர் தொடங்கினார். வழக்கமாக என்னை 'நீர்' என்பவர்; ஆத்திரத்தில் 'நீங்கள்' மரியாதை வேறு!

"என்ர பக்கமோ? தங்கச்சிக்கு நோகும் எண்டுதானே என்னைக் கூன வைச்சிருக்கிறார்!"

அதற்குப் பிறகு மேசையை இருவரும் மறந்துவிட்டோம். யாருடைய மகளுக்கு யார் பேர் வைத்தது, யாருடைய வீடு குடிபூரலுக்கு யார் பிந்தி வந்தது... இத்தனை வருடச் சரக்கும் இறங்கியது. சுவரில் தட்டு பொருத்திக்கொண்டிருந்த குலம் கையிலிருந்த டிரில்லைத் தொப்பென்று வைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் நிலத்தில இருந்து தையுங்கோ. நான் போறன்!"

போயேவிட்டார். விட்பியில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு.

மேசையில் பாதி தைத்த படகு உறை கிடந்தது. எங்கள் முதல் பெரிய ஓடர். சனிக்கிழமை ஆள் வருவான். கோணலாய்ப் போனால் அவன் மற்றப் படகுக்காரர் எல்லாரிடமும் சொல்லிவிடுவான். பட்டறையை மூடவேண்டியதுதான்.

மச்சாள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். கோர்த்த நூலையே இழுத்துவிட்டு மறுபடி கோர்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன் – கண் நிறையத் தண்ணீர். இடையிடையே ஒரு கை தோளைப் பிடித்துவிட்டது. சண்டை மும்முரத்தில், அவருக்கு உண்மையாகவே நோகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"மச்சாள்... மேசைக்காலை அரிஞ்சு பதிப்பம். உமக்கு ஏத்த மாதிரி. நான் சமாளிப்பன்."

மூக்கை உறிஞ்சினார். "உம்மட முதுகு போனா ஆர் வெட்டுறது? மேசையை உயர்த்துவம். என்னையும் உயர்த்துவம்."

"என்னெண்டு?"

"அண்ணை பேஸ்மன்ற்றில பார் கட்டினவரெல்லோ? அதில ஒரு உயர ஸ்ரூல் நிக்குது."

நிற்கிறது. ஆசையாகக் கட்டிய பார். டொக்டர் 'இனிக் குடியைத் தொடக்கூடாது' என்று சொன்ன நாள்முதல் தூசி குடிக்கிறது. உடனே வீட்டுக்குப் போய்த் தூக்கி வந்தோம். மேசைக்கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தி முடுக்கினோம். மெஷின் மிதிக்கு ஒரு மரப்பெட்டி. மச்சாள் ஏறி இருந்தார். தோள் தன்பாட்டில் இறங்கியது. மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்ன மச்சாள், உச்சியில இவ்வளவு நரை? கீழ இருந்து பாக்கத் தெரியேல்லை!"

சிரித்த சிரிப்பில் என் முதுகு இன்னொரு தரம் பிடித்துக்கொண்டது.

உறை நேராக வந்தது. சனிக்கிழமை படகுக்காரன் வந்தான். தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். பாராட்டு ஒன்றும் இல்லை. ஆனால் தன் மைத்துனனின் படகுக்கும் ஒன்று வேண்டும் என்றான்.

அவன் போன கையோடு குலம் வந்து சேர்ந்தார். சமாதானம் பேசத்தான் வந்திருப்பார், பாவம். கண் நேரே அங்கேதான் போனது.

"உது என்ர ஸ்ரூலெல்லோ?"

"உங்களுக்கு என்னத்துக்கு?" – ஒரே நேரத்தில், ஒரே குரலில், நானும் மச்சாளும்.

இப்போது நாங்கள் இருவரும் ஒரே மட்டம், ஒரே கட்சி. எதிர்க்கட்சித் தலைவர் பேஸ்மன்ற்றில், தான் கட்டிய பாரில், நின்றுகொண்டே தேத்தண்ணி குடிக்கிறார்.