பிள்ளையின் தோலுக்குப் பூசிய கொழுப்பு

தொண்ணூறுகளில் கொலஸ்ட்ரால் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். என் கணவர் நெஞ்சடைப்பு வந்து பிழைத்தவர். இரத்தத்தில் அது கூடுதலாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே அம்பாசமுத்திரத்து வீட்டில் நெய்யும் தேங்காயும் நின்றுபோயின. அவர் வேலையிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

அந்தப் பயம் அடங்குவதற்குள் எங்கள் மகளுக்குத் தோல் வெடிக்கத் தொடங்கியது. தவழ்கிற வயது. கன்னம், முழங்கை மடிப்பு, கால் எல்லாம் சிவந்து செதில் செதிலாக உரிந்தது. சில இடங்களில் நீர் கசிந்தது. சொறிந்து சொறிந்து சட்டையெல்லாம் இரத்தப் பொட்டு. கிருமியாக இருக்கும் என்று மருந்துக்கடையில் ஒரு சோப்பு கொடுத்தார்கள். அதைப் போட்டுக் குளிப்பாட்டினால் வீறிட்டு அழுவாள். தெருவில் பெண்கள் தங்கள் பிள்ளைகளை எங்களிடமிருந்து மெல்லத் தள்ளி நிறுத்தினார்கள்.

பாளையங்கோட்டையில் தோல் டாக்டரம்மா ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"இது ஒட்டுவாரொட்டி இல்லம்மா. அந்த சோப்பை மொதல்ல நிறுத்துங்க" என்றார். "தோலு செங்கல் சுவர் மாதிரி. செங்கலுக்கு நடுவுல சாந்து இருக்குல்லா, அது கொழுப்பு. கொலஸ்ட்ராலும் அதுல சேத்தி. இவளுக்கு அந்தச் சாந்து பலமா இல்ல. சோப்பு இருக்கதையும் கழுவிருது. ஈரம் வெளிய போயி அரிக்குது."

கசியும் இடத்துக்குத் தனி மருந்து எழுதினார். மற்ற இடங்களுக்கு, செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு கலந்த களிம்பு. அதிலும் கொலஸ்ட்ரால் உண்டாம்.

நான் சீட்டை வாங்கவில்லை. "இவ அப்பாவுக்கு நெஞ்சை அடைச்சது அதுதான டாக்டர்?"

"அது இரத்தத்துல கூடினது. இது தோலுக்கு மேல பூசுதது. நெஞ்சுக்குப் போயி அடைக்காது. மொதல்ல கால்ல ஒரு எடத்துல மட்டும் போட்டு, ஒத்துக்கிடுதான்னு பாருங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. வீட்டில் என் கணவர் களிம்பை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏட்டி, என்னைக் கொல்லப் பாத்ததையா பிள்ள மேல தேய்க்கச் சொல்லுதாவ?"

"அது வேற, இது வேறங்காவ."

"நீ நம்புதியா?"

பிள்ளை காலைச் சொறிந்துகொண்டே அழுதாள். அதைப் பார்த்தவர், அவளை மடியில் போட்டு, விரல் நுனியில் களிம்பைத் தொட்டுக் கெண்டைக்காலில் தடவினார். மறுநாள் விடிந்ததும் இருவரும் அந்த இடத்தைத்தான் பார்த்தோம். சிவப்பு கூடவில்லை, தடிக்கவில்லை.

அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, ஈரம் காயும் முன் உடம்பெல்லாம் பூசினோம். மாற்றம் உடனே தெரியவில்லை. ஒரு மத்தியானம், அடுப்படியில் இருந்தபோது, வெகு நேரமாக அழுகைச் சத்தம் கேட்காதது திடீரென்று உறைத்தது. ஓடிப் போய் மூக்கருகே கை வைத்தேன். மூச்சு சீராக வந்தது. சொறியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அரிப்பு முற்றிலும் போய்விடவில்லை. அவள் பள்ளிக்கூடம் போகும் வரை ஒவ்வொரு மார்கழிக் குளிரிலும் எட்டிப் பார்த்தது. அந்த நாட்களில் அவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கிற தன் மாத்திரையை விழுங்கிவிட்டு அவளுக்குக் களிம்பு பூச உட்காருவார். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.