மேகலா பாதி பார்த்த படம்

மாதனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து எங்களை ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஏற்றிப் போகிற பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னல் மேகலாவுக்கு. தைத்து வருகிற ஷூக்களைச் சரிபார்க்கும் மேசையில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறாள். தையல் விட்டிருந்தாலோ தோலில் கீறல் இருந்தாலோ சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். சூப்பர்வைசர் முறைத்தாலும் ஒட்டியதைப் பிய்க்க மாட்டாள். சினிமாவையும் அதே கண்ணோடுதான் பார்ப்பாள்.

பஸ்ஸில் வாயால் சொல்லிக்கொண்டிருந்த விமர்சனத்தை யூடியூபில் போடச் சொன்னவள் நான். நாலாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் மாலைக் காட்சி, ஞாயிறு காலை வீடியோ. எங்களுக்கு இருப்பதே அந்த ஒரு லீவு நாள்தானே. நடிகருக்குக் காவடி எடுக்கவும் மாட்டாள், இயக்குநரை வையவும் மாட்டாள். பெண்கள் கேட்பதற்குப் பதில் சொல்வாள்: பிள்ளைகளோடு போகலாமா, குடிக்கிற காட்சி ஜாஸ்தியா, அழவைப்பார்களா. ஒருமுறை தியேட்டர்காரர் ஒருவர் இலவச டிக்கெட் நீட்டினார். "ஓசியில பாத்தா குறை கண்ணுக்குத் தெரியாது சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். காசு வாங்கிக்கொண்டு ஐந்துக்கு நாலரை போடுகிற மகானுபாவர்கள் எங்கள் மேசையில் ஒரு மாதம் நின்று பார்க்கட்டும்.

இப்பேர்ப்பட்டவள்தான் போன ஆடியில் சறுக்கினாள். அந்தச் சனிக்கிழமை படம் ஆரம்பிக்கவே நேரமாகிவிட்டது. இடைவேளையில் எழுந்தால்தான் ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் கிடைக்கும். அதுவரை தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்ததாம். எங்கள் கம்பெனியில் சரக்கு கிளம்பும் நாளில் எல்லாப் பெட்டியையும் பிரிப்பதில்லை. சிலவற்றைத் திறந்து பார்ப்பார்கள், நன்றாக இருந்தால் மொத்தமும் பாஸ். மேகலா படத்தையும் அப்படியே பாஸ் செய்துவிட்டாள். "குடும்பத்தோட போலாம், சிரிச்சிட்டே வரலாம்" என்று வீடியோ வந்தது. பாதியில் எழுந்ததை அதில் சொல்லவில்லை.

தில்ஷாத் அதை நம்பினாள். ஷூவுக்குள் லைனிங் ஒட்டுகிற பெண், எங்கள் பஸ்தான். இரண்டு வருஷம் முன்பு ஐந்து வயது மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். அதற்குப்பின் தியேட்டர் பக்கமே போகாதவள், அந்த ஞாயிறு ஆட்டோ ஓட்டும் தன் கணவர் வக்காரோடு போனாள். இரண்டாம் பாதியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை இறந்துபோகிறது. வக்கார் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தாராம். திங்கட்கிழமை பஸ்ஸில் கேள்விப்பட்டோம். அவள் வேலைக்கு வரவில்லை.

மேகலா மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று போனைப் பார்த்துப் பேசி வீடியோ போட்டாள்: "அந்தப் படத்த நான் பாதிதான் பாத்தேன். முழுசா பாத்தா மாதிரி சொல்லிட்டேன். தப்பு என்னுது." கமெண்டில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "இதுவரைக்கும் எத்தனை படம் பாதி?" என்று ஒருவன் கேட்டான். நான் பதிலடி கொடுக்கப் போனேன், "அவன் கேக்கறது நியாயம்டி" என்று தடுத்துவிட்டாள். நூற்றுக்கணக்கில் விலகிப் போனார்கள். அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. தில்ஷாத் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்றுதான் மருகினாள்.

புதன்கிழமை தில்ஷாத் பஸ் ஏறினாள். மேகலா எழுந்து நின்றாள். தில்ஷாத் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாதிதான் பாத்தேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட."

"போயிருப்பேன். நானும் அந்தப் பாதிய மட்டும் பாத்துட்டு வந்திருப்பேன். ரெண்டு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான்க்கா சிரிச்சேன். அவரு படத்தையே பாக்கல, என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு."

மேகலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். தில்ஷாத் மட்டும் அழவில்லை. மேகலாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே பஸ்ஸுக்காக பாதியில எழுந்து வராதக்கா. படம் முடிஞ்சதும் எனக்கு ஒரு போன் போடு. அவர ஆட்டோ எடுத்துட்டு வரச் சொல்றேன்."