ஆபீசர் வருகிறார் என்று வெள்ளையடித்தோம்

எங்கள் பிளாக்கில் ஒரு பசுமாடு மூன்றாவது மாடி வரைக்கும் ஏறிவிட்டு, இறங்க மாட்டேன் என்று நின்றதே... அதற்கு அடுத்த வாரம் நடந்தது இது. மாட்டின் கண்ணைக் கட்டி, பின்பக்கமாகவே நடத்திக் கீழே கொண்டு வந்தார்கள். அது தனிக் கதை. ஆனால் வேடிக்கை பார்க்க மாடி ஏறியவர்கள் அத்தனை பேரும் அப்படியே சரோஜா வீட்டு சீலிங்கையும் பார்த்துவிட்டார்கள்.

சரோஜா என் எதிர்வீடு. சிதம்பரத்துக்கு வெளியே அரசாங்கம் கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு இது. நாங்கள் இருப்பது கடைசி மாடி. தலைக்கு மேலே மொட்டைமாடி, அதில் தண்ணீர் டேங்க். டேங்கிலிருந்து வரும் பைப்பில் எங்கேயோ விரிசல். கான்கிரீட் முழுக்க ஈரம் இறங்கி, சரோஜா வீட்டுப் படுக்கிற ரூமில் காரை பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பல்லைக் காட்டியது. அவள் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டி வைத்திருந்தாள்.

அவள் மகளைக் குமராட்சியில் கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டிய மாசம். வளைகாப்புப் பேச வந்த சம்பந்தியம்மா அந்தச் சேலையை ஓரமாக ஒதுக்கி அண்ணாந்து பார்த்தார். அதிர்ந்து பேசவில்லை.

"காரை உழுற வூட்டுக்குப் புள்ளத்தாச்சிப் பொண்ண எப்புடி அனுப்புறது சம்பந்தி? பிரசவம் எங்க வூட்லயே ஆவட்டும்."

சரோஜாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வாடகை வீட்டில் ஒழுகினால் யார் பார்க்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். முந்தி திருப்பாதிரிப்புலியூரில் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தேன். மழைக்கு ஒழுகுது என்று ஹவுஸ் ஓனரிடம் போய் நின்றேன். அவர் வந்து நிதானமாகப் பார்த்தார். "ஓடு என்னுது. கீழ பாத்திரம் வெக்கிறது ஒன்னுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவாவது பரவாயில்லை... அவர் முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம். அரசாங்கம் ஹவுஸ் ஓனராக இருந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சரோஜா போனாள். கடலூருக்கு பஸ் ஏறி, ஆபீசில் நின்று, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தாள். புதன்கிழமை ஜூனியர் இன்ஜினியர் வந்து பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

அவ்வளவுதான், பிளாக்கே பரபரப்பாகிவிட்டது. ஆபீசர் வருகிறார் அல்லவா?

படிக்கட்டைக் கழுவிவிட்டார்கள். கீழே கோலம். குடிக்கக் கலர் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. ரெண்டாவது மாடி செல்வம் பெயிண்டர், நல்ல பிள்ளை. வருகிறவர் முகம் சுளிக்கக்கூடாது என்று செவ்வாய்க்கிழமை வேலைக்கே போகாமல் சரோஜா வீட்டுக்கு வந்துவிட்டான். டேங்க்கை ஒரு நாள் அடைத்து வைத்து, ஓட்டையெல்லாம் சிமெண்ட் வைத்து, பட்டி பார்த்து, வெள்ளையும் அடித்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது நான்தான். சேலையை அவிழ்த்த பிறகு பார்த்தால்... கல்யாண மண்டபம் கெட்டது போங்கள்.

புதன்கிழமை இன்ஜினியர் என்று வந்தது ஒரு பெண். திட்டக்குடிப் பக்கமாம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, அண்ணாந்து நாலு பக்கமும் பார்த்தது.

"எங்கம்மா ஒழுவுது?"

"இதோ இங்கதாம்மா" என்று சரோஜா கையைக் காட்டினாள்.

"நல்லாத்தான இருக்கு?"

செல்வத்துக்கு அதைக் கேட்டு முகமெல்லாம் பூரிப்பு. "நேத்துதாம்மா அடிச்சேன். ரெண்டு கோட்டு."

அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டது. "அண்ணே, நான் இப்ப எதப் போட்டோ எடுக்கிறது? ஒடஞ்சத காட்டினாத்தான் மேலெடத்துல வேலைக்கு உடுவாங்க."

அதற்கப்புறம்தான் எங்களுக்கு விளக்கமாகச் சொன்னது. கான்கிரீட், வெளிச்சுவர், டேங்க், பெரிய பைப், சாக்கடை எல்லாம் அவர்கள் பொறுப்பு. உள்ளே இருக்கிற குழாய், பல்பு, தாழ்ப்பாள் எங்கள் பொறுப்பு. இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறோம்... யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாத்திரம் வைக்கிறதுதானே?

"எங்க வேலைய நீங்க ஏம்மா செஞ்சீங்க?" என்று கேட்டது.

"ஒருத்தவங்க வர்றப்ப வூட்ட அப்புடியேவா போட்டு வெக்கிறது?" என்றாள் சரோஜா.

அந்தப் பெண் கலரை வாங்கிக் குடித்தது. செல்வம் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து, இப்பவே தட்டி விட்டுவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, "டேங்க்க தொறந்து உடுங்க, தண்ணி தானா வரும். வந்ததும் போட்டோ அனுப்புங்க. அதுவரைக்கும் யாரும் கைய வெக்காதீங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனது.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வேன்? சீலிங் ஒழுகவேண்டும் என்று காத்துக் கிடந்தவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? காலையில் பால் வாங்கப் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்து, "இன்னும் வரலியா?" என்று விசாரித்தார்கள். செல்வம் அடித்த அடி அப்படி... சொட்டு இறங்கவில்லை. சரோஜா அவனை ஒரு முறை முறைத்தாள். "ஊர்ல அடிக்கிறதெல்லாம் ஒரு மழைக்குத் தாங்கல. எங்கூட்ல மட்டும் ஒனக்கு என்னா அவ்வளோ நேர்மை?"

ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மாமா, ஒழுவுது."

எச்சில் கையோடு ஓடினேன்.

போட்டோ போயிற்று. கொஞ்ச நாள் தள்ளித்தான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள். பைப்பை மாற்றி, துருவைச் சுரண்டி, புதுசாகப் பூசிக் கொடுத்தார்கள். சம்பந்தியம்மா தானே மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகுதான் பையைக் கீழே வைத்தார். எதிர்வீட்டில் இப்போது பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது. பேத்தி.

இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இப்படிக் குடியிருப்பில் இருந்தால், தயவுசெய்து என் பேரால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆபீசர் வந்தால் கலர் கொடுங்கள், கோலம் போடுங்கள்... பெயிண்டரை மட்டும் வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.