பாதிக்கு மேல விண்ணப்பத்துல ஒரே போன் நம்பர்

2006ல இலங்கை மலைநாட்டு ஹட்டன்ல ஒரு தனியார் பயிற்சி நிலையத்துல வெப்சைட் செய்யுற வேலையில இருந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்னு வந்துச்சு. விண்ணப்பம் இன்டர்நெட்லதான் போடணும். சந்தோஷமா அந்தப் பக்கத்தைச் செஞ்சுக்கிட்டிருந்தப்ப, எங்க மேலாளர் வந்து நின்னாரு. கொழும்புக்காரர். வீட்டு லேண்ட்லைன் நம்பர் கட்டாயமாம், எங்க பகுதிக் கோட் 051ல தொடங்கணுமாம், இல்லாட்டி விண்ணப்பம் போகவே கூடாதாம். அப்பதான் கள்ள விண்ணப்பம் வராதாம்!

"சேர், லயத்துல யாரு வீட்டுல போன் இருக்கு?"ன்னு கேட்டேன். தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்கிற அந்த வரிசை வீட்டுல, லயத்துல, நானே பிறந்து வளர்ந்தவ. மனுஷன் காதுல வாங்கணுமே! "சொன்னதைச் செய்ங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்த விதியை எழுதினேன். நம்பர் போடாம பட்டனை அமுக்கினா சிவப்பு எழுத்துல திட்டும்.

முடிவு தேதிக்கு மறுநாள் திறந்து பார்த்தா, பாதிக்கு மேல ஒரே நம்பர். மேலாளர் குதிச்சாரு. "பார்த்தீங்களா, எல்லாம் ஒரே ஆளோட வேலை. அத்தனையும் அழிச்சிருங்க!"

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! இல்லாத நம்பரைக் கேட்டதும் இவரே, இப்ப கள்ளன்னு சொல்றதும் இவரே. ஓ.எல். பரீட்சை முடிச்சுட்டு, அடுத்து என்ன செய்யுறதுன்னு தெரியாம வீட்டுல உக்காந்திருந்த பிள்ளைங்க அதுக. அழிச்சா அந்த வருஷம் அவங்களுக்கு வேற வழியே இல்ல.

இவருகிட்ட வாயாடிப் பிரயோசனமில்ல. அவரு முன்னாலேயே அந்த நம்பருக்குப் போன் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டேன்.

எடுத்தவரு நோர்வூட்ல கம்யூனிகேஷன் கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன். அங்கதான் பிள்ளைங்க இன்டர்நெட்டுக்குப் போவாங்க. "ஆமா தங்கச்சி, நம்ம கடை நம்பர்தான். நம்பர் இல்லாம விட மாட்டேங்குதே அந்தச் சனியன்! பிள்ளைங்க அழாத குறையா நின்னாங்க, நம்மளதையே போடுங்கன்னுட்டேன். சரி, யாருக்குக் கெடைச்சிருக்கு? சொல்லுங்க, பஸ்காரங்ககிட்ட இப்பவே பிள்ளைங்களுக்குச் சேதி சொல்லி விட்டுர்றேன்!"

மேலாளர் முகத்தைப் பார்க்கணுமே! அப்புறம், "ஒன்னையும் அழிக்க வேணாம்"ன்னு மெதுவா சொன்னாரு. அந்த விதியை அன்னைக்கே தூக்கினேன்.

உண்மையைச் சொல்ல வழி விடாம அடைச்சு வச்சுட்டு, அப்புறம் பொய் சொல்றாங்கன்னு ஏழைப் பிள்ளைங்களைக் குத்தம் சொல்றதை இன்னைக்கும் என்னால பொறுத்துக்க முடியல.