பெருமாயி கூட்டி வந்த கதாசிரியர்

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் மேல்வளவு பெருமாயியைப் பகைத்துக்கொண்டு நிம்மதியாகச் சோறு தின்றவர் யாரும் கிடையாது. சாமைக் கொல்லையில் பக்கத்து ஊட்டு மாடு ஒருவாய் மேய்ந்தால்கூட மூன்று வருஷம் ஞாபகம் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பாள். அப்படிப்பட்டவளைப் போய்த் திருடி என்று புஸ்தகத்தில் எழுதினார் ஒரு மனுஷன். அவருக்குச் சனி எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவர் பெயர் சபாபதி. ராசிபுரத்துக்காரர். குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர். மலையேறிப் பார்க்க வந்த இடத்தில் மழை பிடித்துக்கொள்ள, இரண்டு நாள் பெருமாயி வீட்டில்தான் ஒண்டினார். அவளும் புருஷன் செங்கோடனும் தாங்கள் கேழ்வரகுக் களியைத் தின்றுவிட்டு அவருக்குக் கோழியடித்து, சாமைச் சோறும் தேனும் வைத்தார்கள். கிளம்பும்போது ஓடைக்கரைப் பாறைமேல் தம் வெள்ளிக் கடியாரத்தை மறந்துவிட்டுப் போனார். மூடியில் அன்னப்பட்சி கொத்திய கடியாரம். துணி துவைக்கப் போன பெருமாயி அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அப்படியே மலையிறங்கினாள். ஒரு நாள் முழுக்க நடந்து ராசிபுரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

அவர் வீட்டம்மா மூடியைத் திறந்து, உள்ளே வெட்டியிருந்த மாமனார் பெயரைப் படித்துக் காட்டினாள். சபாபதி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "மலையாளுகளிலும் இப்படி யோக்கியம் உண்டா!" என்றார். வாசலிலேயே ஒரு சொம்பு மோர். அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சொல்லைப் பெருமையென்று நினைத்துக்கொண்டே மலையேறினாள் இந்தப் பைத்தியக்காரி.

ஆறு வருஷம் கழித்து, உலக யுத்தம் தொடங்கின வருஷம், மேல்வளவு போர்டு பள்ளிக்கூடத்துக்குக் கட்டாகப் புஸ்தகங்கள் வந்தன. அர்த்தனாரி வாத்தியார் அதில் ஒரு கதையைப் படித்தார். மேல்வளவு பெருமாயி விருந்தாளியின் கடியாரத்தைத் திருடுகிறாள். அது டிக் டிக் என்று சத்தம் போட, பிசாசு என்று பயந்து உரலில் போட்டுக் குத்தி நொறுக்குகிறாள். இதுதான் கதை. பேர், ஊர், அன்னப்பட்சி எல்லாம் அப்படியே. மறுநாளே பிள்ளைகள் அவள் பின்னால், "டிக் டிக் பெருமாயி" என்று ஓடினார்கள்.

பிள்ளைகளை விடுங்கள். பெரியவர்களுக்கு என்ன கேடு? அந்தக் காலத்தில் மலையில் அச்சு என்றால் சர்க்கார், சர்க்கார் என்றால் சத்தியம். 'பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல பொய்யா எழுதுவாங்க? அன்னிக்கு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இவ மலையிறங்கிப் போனாளே, எதுக்காம்?' என்று குசுகுசுத்தார்கள். பெருமாயி மகள் பொன்னாயியைத் தம் மகனுக்கு வெற்றிலை மாற்றி நிச்சயம் பண்ணியிருந்த சின்னராசு, ஒரு காலையில் வந்து வெற்றிலையைத் திருப்பி வைத்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. திருட்டுச் சொல்லு உளுந்த ஊட்டுல எங்க பையன் கைநனைக்க முடியாதுங்க."

பொன்னாயி அன்றிலிருந்து ஓடைக்குத் தண்ணீருக்குப் போவதை விட்டாள். பதினாறு வயசுப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் பெற்றவள் வயிறு எரியுமா, எரியாதா? பெருமாயி நேராக ஊர்க்கவுண்டர் அப்பாசாமியிடம் போனாள். கவுண்டர் நியாயஸ்தர்தான். ஆனால் நாட்டு வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. சொன்னவனும் சொல்லப்பட்டவளும் ஒரே மண்ணில் நிற்காமல் ஊர் தீர்ப்புச் சொல்லாது.

"அந்தாளு ராசிபுரத்துல இருக்கறான். நாம கூப்புட்டா வருவானா பெருமாயி? இங்க வந்து நின்னான்னா நான் கேக்கறேன்."

"அவன் சொன்னது பொய்யின்னு ஆச்சுன்னா?"

"ஏன், உனக்குத் தெரியாதா? பழைய வழக்கம்தான்."

அவளுக்குத் தெரியும். மலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இல்லாத திருட்டைச் சொன்னவன், எந்தப் பொருள் திருட்டுப் போனது என்றானோ அந்தப் பொருளையே அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஆட்டைத் திருடினான் என்று வாய்கூசாமல் சொன்னவன், ஆட்டைத் தன் கையாலேயே பிடித்துக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்ததை அவளே சிறுவயசில் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. "கூப்புட்டா வரமாட்டானாம். வர வெக்கறேன் பாரு" என்று செங்கோடனிடம் சொன்னாள். அவன் டோலி தூக்குகிறவன். நல்ல தோள், வாய் மட்டும் கிடையாது. தலையை ஆட்டினான்.

பிறகு அவள் செய்ததெல்லாம் ஊரையே வாய்பிளக்க வைத்தது. அர்த்தனாரி வாத்தியாரிடம் போய், பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்கு அந்தக் கதை எழுதினவரையே அழைக்கலாம் என்றாள். வாத்தியார் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், சாது. கதையை முதலில் வாசித்தவர் தாம்தானே என்று உள்ளுக்குள் குறுகிப்போயிருந்தவர்.

"உனக்குக் கோபமில்லையா பெருமாயி?"

"கோவம் என்னத்துக்குங்க? ஏதோ எம்பேரு புஸ்தகத்துல வந்துருக்குது. பெரிய மனுசரு வந்தா புள்ளைங்களுக்குச் சந்தோசம்தானுங்களே."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. வாத்தியார் நம்பிவிட்டார். முதல் கடுதாசிக்குப் பதிலே இல்லை. பெருமாயி யோசித்தாள். அந்த மனுஷனுக்கு இரண்டு பலவீனம் என்று இரண்டே நாளில் கண்டுகொண்டவள் ஆயிற்றே: ஒன்று நாக்கு, மற்றது புகழ்ச்சி. இரண்டாம் கடுதாசியை அவள் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதினார். பிள்ளைகள் எல்லோரும் உங்கள் கதையை மனப்பாடமாகச் சொல்கிறார்கள், உங்கள் வாயாலேயே கேட்கத் துடிக்கிறார்கள், அடிவாரத்தில் டோலி நிற்கும், கொம்புத்தேன் உண்டு, கோழி உண்டு. பத்தே நாளில் பதில் வந்தது. வருகிறாராம், மனமகிழ்ச்சியோடு.

பள்ளிக்கூடத்துக்குச் செம்மண்ணும் சுண்ணாம்பும் பூசியது பெருமாயி. வழியில் முள் வெட்டியது பெருமாயி. டோலிக்கு நான்கு ஆள் பிடித்ததும் அவளே. செங்கோடனும் அவன் பங்காளிகளும். விருந்துக்கு நெல் குத்த வேண்டும் என்று தன் மர உரலை உருட்டிவந்து பள்ளிக்கூட வாசலில் வைத்தாள். 'திருடியே திருவிழா நடத்துறா' என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டாள். சிரிக்கிற ஒவ்வொரு வாயையும் மனசில் குறித்துவைத்தாள்.

ஆனால் ஒரு பயம் அவளைத் தின்றது. அவர் கடியாரத்தைக் கொண்டுவராமல் போனால்? அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர். பொன்னாயி சுவரைப் பார்த்தபடியே கிழவியாவாள்.

சபாபதி வந்தார். டோலியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகச் சட்டைப் பையில் கைவிட்டு மணி பார்த்தார். வெயிலில் அன்னப்பட்சி மின்னியது. கால் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெருமாயி அதைப் பார்த்துவிட்டாள். மாசி பெரியண்ணா, உனக்கு ஒரு கிடாய் என்று நேர்ந்துகொண்டாள். அன்றைக்கும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விருந்து முடிந்தது. முன்னால் பிள்ளைகள், பின்னால் ஊர். கவுண்டரும் இருந்தார், சின்னராசும் இருந்தார். வரமாட்டேன் என்ற பொன்னாயியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்திருந்தாள் ஆத்தாக்காரி.

சபாபதி கதையைப் படித்தார் என்றா சொல்வது? நடித்தே காட்டினார். பெருமாயி பதுங்கிப் பதுங்கி நடப்பதுபோல் நடந்தார். கடியாரத்தைக் காதில் வைத்து முழியைப் பிதுக்கினார். "ஐயோ பிசாசு!" என்று உலக்கை போடுவதுபோல் குதித்தார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். பொன்னாயியின் தலை முழங்காலுக்குள் போய்விட்டது.

சிரிப்பு அடங்கியதும் பெருமாயி எழுந்தாள்.

"ஏனுங்க ஐயா, இது நெசமா நடந்ததுங்களா, இல்லே புள்ளைங்களுக்காவச் சொல்றதுங்களா?"

அந்த மனுஷன் அப்போதாவது கதைதானம்மா என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். நுணல் வாயை மூடியிருக்குமா?

"அத்தனையும் சத்தியம்! நானே கண்ணால் கண்டது. என் தகப்பனார் கொடுத்த கடியாரம், தூள் தூளாய்ப் போய்விட்டது!"

"அடடா, பாவமுங்க. சரிங்க, இப்ப மணி எத்தனைங்க?"

பழக்கதோஷம். கை தானாகப் பைக்குள் போனது. எடுத்தார், மூடியைத் திறந்தார், "மூன்றே கால்" என்றார்.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "ஐயா, அன்னப்பட்சி! கதையில அது ஒடஞ்சு போச்சுங்களே?"

சபாபதி மூடியை டப்பென்று மூடினார். "இது... இது வேறு."

"வேறயா? அப்ப மூடிக்குள்ள உங்கப்பாரு பேரு எப்படிங்க வந்துச்சு? ஒரு நாள் பூரா நடந்து நான் கொண்டாந்து குடுத்தப்ப, உங்க ஊட்டம்மா படிச்சுக் காட்டுனாங்களே. வாத்தியாரய்யா, வாங்கிப் படியுங்க."

அர்த்தனாரி வாத்தியார் ஒரு கணம் தயங்கினார். பிறகு கையை நீட்டி வாங்கினார். படித்தார், ஊருக்கே கேட்கும்படி. அந்தச் சாதுவின் குரல் அவ்வளவு பெரிசு என்று அன்றுதான் தெரிந்தது.

சபாபதி அவள் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். "கொண்டுவந்து கொடுத்தது வாஸ்தவம். திருப்பிக் கொடுத்தாள் என்று எழுதினால் அதில் என்ன சுவாரசியம்? குழந்தைகள் சிரிக்கட்டுமே என்று..."

"எம் மக சிரிச்சு எட்டு மாசமாச்சுங்க!" என்று கத்தினாள் பெருமாயி. அந்த ஒரு சொல்லில் மட்டும் அவள் குரல் உடைந்தது.

கவுண்டர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். நாட்டு வழக்கத்தைச் சொன்னார். கடியாரம் பெருமாயி வீட்டுக்கு.

"அநியாயம்! போலீசுக்குப் போவேன்!" என்று குதித்தார் சபாபதி.

"தாராளமாப் போங்க" என்றார் கவுண்டர். செங்கோடனும் பங்காளிகளும் டோலியை விட்டு விலகிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே அடிவாரம் ஒரு காத தூரம், செங்குத்து, அட்டைக்கடி வேறு. சபாபதி டோலியைப் பார்த்தார், தம் பம்ப் சூவைப் பார்த்தார். வாத்தியாரிடமிருந்து கடியாரத்தை வாங்கித் தம் கையாலேயே அவள் கையில் வைத்தார்.

"அந்தப் புஸ்தகத்துல மாத்தி எழுதிருவீங்களா?" என்று கேட்டாள்.

"அச்சானதை எப்படி மாற்றுவது? இருநூறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது."

"மாத்த முடியாதா? அப்பச் சரி. நெசமாக்கிரலாம்."

நடந்துபோய் உரலில் போட்டாள். உலக்கையை எடுத்தாள். சபாபதி ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு குத்து. இரண்டாவது குத்துக்குக் கண்ணாடி. மூன்றாவதற்குச் சக்கரம் எல்லாம் வெளியே வந்து விழுந்தது. டிக் டிக் நின்றது. "பிசாசு செத்துப் போச்சு!" என்று கத்தினார்கள் பிள்ளைகள். பொன்னாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

டோலி இறங்கி மறைந்ததும் சின்னராசு மெல்ல நெருங்கினார். கையில் வெற்றிலைக் கட்டு. எங்கே பிடித்தாரோ அதற்குள்!

"சம்பந்தி, பழசை மனசுல வெச்சுக்காதீங்க. நல்ல நேரமாப் பாத்து..."

பெருமாயி உரலுக்குள் கைவிட்டு, நசுங்கிய அன்னப்பட்சியை எடுத்து அவர் வெற்றிலைமேல் வைத்தாள்.

"கடியாரம் ஒடஞ்சு போச்சுங்க. உங்களுக்கு நேரம் பாக்க முடியாது."

எட்டு மாசமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னாயி சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல்.